அரை நிமிட அமைதி

அரை நிமிடம் ஓடுகிற ஓர் அமைதியை நகலெடுக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றது கணினி.

அருண்பிரசாத் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பச்சைப் பட்டை இடது ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு நிறைந்து அப்படியே நின்றது. அந்த ஸ்டுடியோவிலேயே மிகச் சிறிய கோப்பு அதுதான். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, ஒலிப்பதிவு பூத்துக்குள் யாரும் வாய் திறக்காதபோது மைக்கில் விழுந்த வெறும் காற்று. ரூம் டோன் என்பார்கள். பேச்சிலிருந்து ஓர் இருமலையோ தடுமாற்றத்தையோ வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் குழி விழும். குழியை வெறுமையாக விட்டால், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி சட்டென நின்றதுபோலக் கேட்கிறவன் திடுக்கிடுவான். அதனால் அதே அறையின் அமைதியில் ஒரு துண்டு வெட்டி அதை நிரப்பிவிடுவார்கள். நன்றாக நிரப்பினால் அங்கே ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று எந்தக் காதுக்கும் தெரியாது. அருண் நன்றாக நிரப்புவான்.

சர்வரில் இருக்கும் கோப்பை அங்கேயே திறந்து வேலை செய்யக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. கேபிள் வழியாக ஒலி சொட்டுச் சொட்டாக வரும், குரல் திக்கும், திரை உறையும். தேவையானதை முதலில் தன் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும், வேலையை முடிக்க வேண்டும், திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும். நாலு வருடமாக அவன் அப்படித்தான் செய்கிறான். இன்று மதியத்திலிருந்து எதுவும் நகரவில்லை. ஒரு கோப்புறையைத் திறக்கச் சொன்னால் டீ ஆறுகிற நேரம் கழித்துத் திறந்தது. மூடச் சொன்னால் கேட்காததுபோல் இருந்தது. திரையின் நடுவே ஒரு சாம்பல் கட்டம் வந்து வந்து நின்றது: பதில் இல்லை. காத்திருக்கவும்.

முதலாளி பன்னீர்செல்வம் சென்னைக்குப் போயிருந்தார். போனில் அழைத்தான்.

"சார், சர்வர் ரொம்ப ஸ்லோ. ஒண்ணுமே அசைய மாட்டேங்குது."

"கேபிள மாத்திப் பாத்தியா?"

"பாத்துட்டேன் சார்."

"வேற சிஸ்டம் ஏதாவது அதுலேர்ந்து எடுக்குதா பாரு. ரெண்டு பேர் ஒரே கோப்பப் புடிச்சு இழுத்தா அப்படித்தான் நிக்கும்."

"நான் ஒருத்தன்தான் சார் இருக்கேன்."

"அரே, பந்த் பண்ணிட்டு மறுபடி சாலு பண்ணுப்பா, இதெல்லாமா மெயின்லேண்டுக்கு போன் போட்டுக் கேப்ப? அந்தம்மா அஞ்சு மணிக்கு வருது. கேட்டு அழுதுட்டுப் போவட்டும். அவங்கள வெயிட் பண்ண வெக்காத."

சர்வரை நிறுத்தி மறுபடி போடுவதற்குப் பூத்துக்குள் போக வேண்டும். அருண் எழவில்லை.

ஜன்னலுக்கு வெளியே போர்ட் பிளேரின் சாத்தம் பாலம் தெரிந்தது, அதற்கப்பால் மர மில்லின் நீளக் கூரை, அதற்கும் அப்பால் அக்கரை பாம்பூஃபிளாட்டிலிருந்து படகு நீரைக் கிழித்து வந்துகொண்டிருந்தது. ஈர மரத்தூளும் உப்பும் டீசலும் கலந்த வாடை திரைச்சீலையோடு உள்ளே வந்து போனது. டிசம்பர் மாதம். நாலரைக்கே வெயில் வடிந்து ஐந்தரைக்குள் தீவு முழுக்க இருட்டிவிடும். புதிதாக இங்கே வருகிறவர்கள் கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார்கள்.

வருகிறவள் உமா மகேஸ்வரி, யோகராஜின் மனைவி. நாளை சௌல்தாரி கிராமத்து வீட்டில் யோகராஜின் முதல் திதி. ஒரு காலத்தில் போர்ட் பிளேர் முழுக்க அவன் குரல்தான். கப்பல் புறப்படும் நேரத்தைச் சொன்னதும் அவன், நகைக்கடைத் தள்ளுபடியைச் சொன்னதும் அவன், கோயில் திருவிழா ஆட்டோவில் மூன்று மொழியில் முழங்கியதும் அவன். அந்தக் குரல்களையெல்லாம் கோத்து ஒரே பதிவாகத் தரச் சொல்லி அவள் கேட்டிருந்தாள். வீட்டில் வைத்துக் கேட்பாளாம். முடியாது என்று சொல்ல அருணுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முடியாது என்றால் ஏன் என்று கேட்பாள்.

சர்வரோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தான். அது வெகுநேரம் யோசித்தது. பிறகு இரண்டு பெயர்களைக் காட்டியது. ஒன்று அவன் கணினி. இன்னொன்று பூத் கணினி.

பூத் கணினியைப் போன வருடமே கழற்றி விற்றாயிற்று.

அதன் கேபிள் மட்டும் சுவரில் இன்னும் இருந்தது. அவன் மேசைக்குக் கீழே, எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் சின்னப் பெட்டியில் அதன் முனை செருகியிருந்தது. குனிந்து பார்த்தான். அந்தத் துளையின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. மற்ற விளக்குகள் துடிப்பதுபோல விட்டுவிட்டு அல்ல. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. தூங்குகிறவன் மார்புபோல. கேபிளைப் பிடுங்கினான். முனை கையில் வந்தது. விளக்கு ஏறி, இறங்கி, ஏறி, இறங்கியது.

பழைய பெட்டி, கோளாறு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். தன் குரல் அறையில் எங்கும் பட்டுத் திரும்பவில்லை.

பிறகு அவன் ஒரு தவறு செய்தான். நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, விதியை மீறி, அந்த அமைதியைச் சர்வரில் வைத்தே திறந்தான். அலை திரையில் இடமிருந்து வலமாக, நத்தை போகிற வேகத்தில், தன்னை வரைந்துகொள்ளத் தொடங்கியது. நேர்கோடு. இப்படித்தான் இருக்க வேண்டும். நேர்கோடு. அரை நிமிடக் குறியைத் தொட்டது. நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

ஓட்டு என்று பொத்தானை அழுத்தினான். ஒலி வரவில்லை. மறுபடி அழுத்தினான். பதில் இல்லை. காத்திருக்கவும்.

அந்த அமைதி எந்த நாளில் பிடித்தது என்பது அவனுக்குப் பார்க்காமலே தெரியும்.

யோகராஜ் அவனைக் கத்தரிக்கோல் என்று கூப்பிடுவான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, மைக்கிலேயே, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே. "டேய் கத்தரி, நீ வெட்டின எடத்துல என் மூச்சையே காணோமே. மூச்சு விடாமப் பேச நான் என்ன மீனாடா?" எல்லோரும் சிரிப்பார்கள். அருணும் சிரிப்பான். அன்றைக்கு நகைக்கடைக்காரர்கள் சிரித்துவிட்டுப் போன பிறகு, யோகராஜ் இன்னொரு முறை படித்துப் பார்க்க உள்ளே தனியாக இருந்தபோது, அருண் பூத்தின் மியூட்டை அழுத்தினான். கதவு தானாகச் சாத்திக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்காது. உள்கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகியிருந்தது. அதற்காகவே ஒரு படாக் மரத்துண்டை அடியில் முட்டுக் கொடுத்து வைப்பார்கள். அன்றைக்கு அருண் அந்தத் துண்டைக் காலால் ஒதுக்கினான். கொஞ்ச நேரம் கத்திக்கொண்டு கிடக்கட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். கீழே டீக்கடைக்குப் போனான். கரண்ட் போயிற்று. பூத்துக்குப் பின்னால் நடையில் இருந்த ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது, அதன் புகை பூத்தின் காற்றுத் துளை வழியே உள்ளே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், கதவைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். அவன் டீ குடித்தான். ஒரு படகு வந்து போனது. எழுந்துகொள்ளலாமா என்று பார்த்தான். உட்கார்ந்திருந்தான். இன்னொரு படகு வந்து போனது.

மியூட் அழுத்தினால் வெளியே கேட்காது. பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

போலீஸ் பதிவைக் கேட்டது. அதைக் கொடுப்பதற்கு முன் அருண் உட்கார்ந்து, யோகராஜ் கத்திய எல்லா இடத்தையும் வெட்டினான். நிரப்புவதற்கு அமைதி வேண்டியிருந்தது. ஜெனரேட்டரின் அடிக்குரலோடு, அதே அறையின் அமைதி. அது ஒரே இடத்தில்தான் இருந்தது. பதிவின் கடைசியில், கத்தல் ஓய்ந்த பிறகு. அதில் அரை நிமிடம் எடுத்தான். துல்லியமாகப் பொருந்தியது. அப்புறம் கைக்கு வசதியாக இருக்கிறதென்று அதையே எல்லா வேலைக்கும் பயன்படுத்தினான். ஒரு வருடமாகத் தீவில் ஒலிக்கிற ஒவ்வொரு விளம்பரத்திலும், ஒவ்வொரு அறிவிப்பிலும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அதுதான் இருந்தது.

கோடு போய்க்கொண்டே இருந்தது. இப்போது அது நேராக இல்லை. சின்ன மேடு. இடைவெளி. சின்ன மேடு. இடைவெளி.

கோப்பைத் தேர்ந்தெடுத்து அழி என்றான். காத்திருக்கவும். அழி. காத்திருக்கவும். அழி, அழி, அழி. அவனுக்குப் புரிந்தது. இது பழுது இல்லை. கேட்கிறது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. அன்றைக்கு அவன் இருந்ததுபோல டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

"லைட் போடலையா தம்பி?"

அருண் துள்ளி எழுந்தான். உமா மகேஸ்வரி வாசலில் நின்றிருந்தாள், ஒரு கையில் நனைந்த குடை, மறு கையில் வாழை இலையும் பூவும் துருத்திக்கொண்டிருந்த பை. வெளியே முழுதாக இருட்டியிருந்தது. எப்போது இருட்டியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வாங்கக்கா. இன்னும் முடியல. சர்வர் ஸ்லோ. நாளைக்கு நானே சௌல்தாரிக்குக் கொண்டாந்து தரேன்."

"நாளைக்கு விடியக்காலம் ஐயர் வந்துடுவாருப்பா. பரவால்ல, ரெண்டு குரல் இருந்தாப் போதும். நான் உக்காந்திருக்கேன்."

"எவ்ளோ நேரம் ஆவும்னு தெரியாதுக்கா. உங்களுக்கு பஸ் போயிடும்."

"போனாப் போவுது." அவன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். "வெயிட் பண்றது எனக்குப் பழக்கம்தானே. அன்னைக்கும் சோறு போட்டு மூடி வெச்சிட்டு வாசலப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அருண் திரையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டான்.

"அவரு கூப்பிடவே இல்லையா தம்பி?"

"அன்னைக்கே சொன்னேனேக்கா. நெஞ்சுவலி. ஒரு சத்தமும் இல்ல. பதிவுலயே இருக்கே, போலீஸும் கேட்டாங்க. நிம்மதியாப் போயிட்டாரு."

"கொசு கடிச்சாலே தெருவுக்கே சொல்லுற ஆளுப்பா அவரு." லேசாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "தூக்கத்துல கூடப் பேசுவாரு. அதான் எனக்கு இன்னும் சரியாப் படல."

மேசைமேல் இருந்த ஹெட்போனை எடுத்தாள். "இதுலதான் கேக்கணுமா?"

"இப்ப வேணாம்க்கா, ஒண்ணும் வராது." அதைப் பிடுங்கவும் முடியாமல், விடவும் முடியாமல் நின்றான். அவள் அதற்குள் மாட்டிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் வரவில்லை. மணிக்கணக்காக அழுத்திய எல்லாப் பொத்தான்களும் எங்கோ ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

சர்வரை நிறுத்தினால் எல்லாம் நிற்கும்.

"ஒரு நிமிஷம்க்கா. சர்வரை நிறுத்திட்டு வந்துடறேன்."

யோகராஜின் சாவுக்குப் பிறகு அந்தப் பூத்தில் யாரும் பேசச் சம்மதிக்கவில்லை. கீழ்த்தளத்தில் வேறு அறை பார்த்துக்கொண்டார்கள். சர்வரின் வட்டுகள் சுழலும் சத்தம் வேலை செய்கிற இடத்தில் கேட்க வேண்டாமென்று அதை இந்தக் காலிப் பூத்துக்குள் கொண்டுவந்து வைத்தார் முதலாளி. மைக் மட்டும் பழைய இடத்தில், பழைய தாங்கியில், ஓர் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. நெட்டையனான யோகராஜ் தனக்கு வைத்த உயரம். யாரும் அதை இறக்கவில்லை.

அருண் கதவைத் திறந்து படாக் துண்டை அடியில் அழுத்தி முட்டுக் கொடுத்தான். அசைத்துப் பார்த்தான். உறுதியாக இருந்தது. உள்ளே போனான்.

உள்ளே போனதும் உலகம் காதுக்கு வெளியே நின்றுவிட்டது. பஞ்சுச் சுவர்கள் படகின் ஊதலை, மழையை, அவன் செருப்புச் சத்தத்தைக்கூட வாங்கி வைத்துக்கொண்டன. வட்டுகளின் ஒலி மட்டும் மூலையிலிருந்து வந்தது. சுழலும் ஒலி அல்ல. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. வாடை வேறு. ஜெனரேட்டரைப் போன வருடமே மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். இருந்தும் பலகைகளுக்குள்ளிருந்து டீசல் வீசியது, பழைய சட்டையில் தங்கிய வியர்வைபோல.

சர்வரின் பொத்தானை அழுத்தினான். அணையவில்லை. விரல் வெளுக்க அழுத்திப் பிடித்தான். அணையவில்லை. பின்பக்கம் கைவிட்டு மின்கம்பியையே பிடுங்கினான்.

அணையவில்லை.

கையில் கம்பியோடு நிமிர்ந்தான். இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உமா மகேஸ்வரியின் முகம் திரை வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தது. அவள் அருகே திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நத்தை வேகம் இல்லை. தடையே இல்லை. மேடுகள் உயர்ந்து, தடித்து, கறுத்து, திரையின் மேல்விளிம்பை இடித்தன. அவன் வெட்டிய ஒவ்வொன்றும். அவன் நிரப்பிய ஒவ்வொரு குழியிலிருந்தும்.

அவன் அழுத்திய பொத்தானுக்குப் பதில் வந்துவிட்டது. ஓடுகிறது.

அவள் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது.

"அக்கா, கழட்டுங்க! அக்கா!"

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, ஒரு மூச்சையும் தவறவிடாமல். டேய் கத்தரி, கட்டைய ஏண்டா எடுத்த, கதவத் தொறடா என்று அதில் யோகராஜ் கத்துவது வெட்டியவனுக்கு மனப்பாடம். அருண் கதவுக்கு ஓட நினைத்தான். கால் வரவில்லை. உடம்பு முழுக்கச் சர்வரைப் போல ஆகிவிட்டது. சொன்னான். கேட்டது. காத்திருக்க வைத்தது.

அவள் எழுந்தாள். கதவுப் பக்கம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தான். அடிக்கட்டும் என்று நினைத்தான். அவள் உள்ளே வரவில்லை. குனிந்தாள்.

மரம் தரையில் உராயும் சத்தம்.

அவன் கால் விடுபட்டபோது கதவு சாத்திக்கொண்டது. மெத்தென்று. ஒரு சின்னச் சொடுக்கு.

கரண்ட் போனது. வெளியே பேட்டரியில் திரை மட்டும் எரிந்தது. எங்கோ மேலே ஜெனரேட்டர் உறுமியது. மேலே இல்லை. சுவருக்குப் பின்னால். நடையில். பக்கத்தில்.

புகை.

உமா மகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தாள். படாக் துண்டை மேசைமேல் வைத்தாள். ஹெட்போனைத் திரும்ப மாட்டினாள்.

மைக். மைக் இருக்கிறது. வாய்க்கு எட்டவில்லை. நுனிக்காலில் நின்று தாங்கியைப் பற்றினான். "அக்கா, தொறங்கக்கா! கால்ல விழறேன்! நான் வேணும்னு பண்ணலக்கா!" திரையில் அவன் குரல் மலைமலையாக எழுந்தது. கேட்கிறது. அவளுக்குக் கேட்கிறது.

அவள் விரல் மேசைமேல் நகர்ந்தது. மியூட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது.

கத்தினான். கண்ணாடியை அறைந்தான். கத்தினான். இருமினான். பஞ்சு வாங்கிக்கொண்டது.

இருமல் நின்ற ஒரு கணத்தில் கேட்டது. மூலையிலிருந்து அல்ல. பின்கழுத்தில். ஏறி, இறங்கி. சூடாக.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை நிமிர்ந்தாள். அழுத முகம். அது மெல்லக் கனிந்து, மலர்ந்தது. அவள் பார்த்தது அவனை அல்ல. அவன் தோளுக்குச் சற்று இடப்பக்கம், தலைக்கு ஒரு சாண் மேலே, மைக் இருந்த உயரத்தில். அங்கே பார்த்துச் சிரித்தாள், சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தவள் வாசலில் ஆள் வந்ததும் சிரிப்பதுபோல.